நான்கு வோல்ட் வித்தியாசம்

டீசல் எந்திரத்துக்குத் தீப்பொறி தேவையில்லை. பெட்ரோல் எந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் அமர்ந்து விநாடிக்குப் பலமுறை மின்னும் ஸ்பார்க் பிளக் இதில் கிடையாது. காற்றை அதன் பருமனில் பதினாறில் ஒரு பங்காகவோ பதினெட்டில் ஒரு பங்காகவோ நெருக்கினால் போதும். நெருக்கப்பட்ட காற்று தானே சூடேறி, உள்ளே பீய்ச்சப்படும் எண்ணெயைப் பற்ற வைத்துவிடுகிறது. தன் நெருப்பைத் தானே மூட்டிக்கொள்ளும் எந்திரம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆயினும் அந்த முதல் நெருக்கலுக்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டியிருக்கிறது. பேட்டரி இறங்கிப்போன பேருந்தை நடுவழியில் இறங்கித் தள்ளிய அனுபவம் உள்ள எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் பேட்டரிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் நாங்கள் நால்வர், மாதந்தோறும் ஒரு சனிக்கிழமை கூடி, படித்த நூல்களைப் பற்றிப் பேசிவருகிறோம். எங்களில் இருவர் மின்பொறியாளர்கள், ஒருவர் பள்ளி ஆசிரியர், மற்றவர் மருந்தாளுநர். நாங்கள் கூடும் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்காரர் டீசல் பிக்கப் வண்டியைக் கால் மைல் பந்தயத்துக்கென மாற்றி அமைத்து ஓட்டுபவர். அவருக்கும் அவருடைய மகனுக்கும் இடையே, வண்டியில் வழக்கமான 12 வோல்ட் பேட்டரியையே வைத்திருப்பதா, 16 வோல்ட் பேட்டரிக்கு மாறிவிடுவதா என்றொரு வழக்கு எழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் மின்பொறியாளர்கள் இருக்கிறார்கள் என்பதால் வழக்கு எங்களிடம் வந்து சேர்ந்தது. ஒரு கோடைக்காலம் முழுவதும் அது எங்களை விடவில்லை. அதைப் பற்றி யோசித்ததில் எங்களுக்குத் தட்டுப்பட்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

டீசல் எந்திரத்தை எழுப்புவது தொடக்கம் முதலே ஒரு தனிக் கலையாக இருந்துவந்திருக்கிறது. ருடால்ஃப் டீசலின் எந்திரம் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிக் காட்டியது. பெரிய டீசல் எந்திரங்களை அழுத்தக் காற்றைச் செலுத்திச் சுழற்றிவிடுவதே வழக்கமாயிற்று. கப்பல்களில் இன்றும் அப்படித்தான். பழைய கேட்டர்பில்லர் டிராக்டர்களில், பெரிய டீசல் எந்திரத்தைச் சுழற்றிவிடுவதற்கென்றே பக்கத்தில் ஒரு சிறிய பெட்ரோல் எந்திரம் வைத்திருந்தார்கள். 2006 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலையில் ஜேசிபி டீசல்மேக்ஸ் என்னும் வண்டி மணிக்கு 563 கிலோமீட்டர் வேகத்தைக் கடந்து டீசல் வாகனங்களுக்கான உலகச் சாதனையை நிகழ்த்தியது. ஆளுக்கு 750 குதிரைத்திறன் கொண்ட இரண்டு எந்திரங்கள் அதில் இருந்தன. அப்படிப்பட்ட வண்டியையும் நின்ற இடத்திலிருந்து ஒரு டிராக்டர்தான் தள்ளிவிட்டது.

மின்சாரத்தால் எந்திரத்தை எழுப்பும் வழியைக் கார்களுக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங். 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. எந்திரத்தைச் சுழற்றப் பெரியதொரு மோட்டார் வேண்டுமென்று பிறர் கருதியிருக்க, அந்த மோட்டார் சில விநாடிகள் மட்டுமே உழைத்தால் போதும், ஆகவே சிறிய மோட்டாரையே அதன் வரம்புக்கு மேல் வருத்தலாம் என்று அவர் கண்டுகொண்டார். அவருடைய அமைப்பில் எந்திரத்தை எழுப்பும்போது பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும்; எழும்பிய பின் பக்க இணைப்புக்கு மாறி 6 வோல்ட்டில் மின்னேற்றம் பெறும். ஆக, 'தொடங்குவதற்குக் கூடுதல் வோல்ட்' என்னும் யோசனை இன்றைய பந்தயக்காரர்களுடையதன்று. செல்ஃப் மோட்டார் பிறந்தபோதே உடன்பிறந்தது அது.

டீசல் வண்டி பந்தயத்துக்கு வந்ததும் புதிதன்று. எங்கள் மாநிலத்தின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் 1931-இல் ஒரு கம்மின்ஸ் டீசல் கார் ஐந்நூறு மைலையும் ஓரிடத்திலும் நிற்காமல் ஓடி முடித்தது. அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. 1952-இல் அதே நிறுவனத்தின் டீசல் கார், ஃபிரெட் அகபாஷியன் ஓட்ட, தகுதிச் சுற்றில் வரிசையின் முதலிடத்தைப் பிடித்தது. பந்தய நாளன்று எழுபத்தோராவது சுற்றில் அது ஒதுங்கிவிட்டது. தடத்தில் சிதறிக்கிடந்த டயர்த் துணுக்குகளை உறிஞ்சி, டர்போவின் காற்று வழி அடைத்துக்கொண்டதே காரணம். வலுவுக்கு அதில் குறைவே இல்லை. வலுவுக்கு மூச்சுக் கொடுக்கும் சிறு வழியொன்று அடைபட்டது, அவ்வளவுதான்.

இனி பேட்டரிக்கு வருவோம். 12 வோல்ட் என்று நாம் சொல்லும் ஈய அமில பேட்டரியில் ஆறு செல்கள். முழுமையாக மின்னேறிய செல் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால் மொத்தம் 12.6. இன்னும் இரண்டு செல்லைச் சேர்த்தால் எட்டு. அதைத்தான் 16 வோல்ட் பேட்டரி என்கிறார்கள். அமெரிக்கக் கால் மைல் பந்தயக்காரர்களிடம் இது நன்கு பழகிய பொருள். பெட்ரோல் வண்டிகளில் தீப்பொறி வலுப்பெறும், எரிபொருள் பம்பு வேகமாகச் சுழலும் என்பதற்காக அது நுழைந்தது. டீசலில் தீப்பொறி இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பசி ஒன்று இருக்கிறது. செல்ஃப் மோட்டார் அந்தக் கனத்த எந்திரத்தைப் போதிய வேகத்தில் சுழற்றியாக வேண்டும். சுழற்சி மெதுவானால், நெருக்கப்பட்ட காற்று தன் வெப்பத்தைச் சிலிண்டர்ச் சுவருக்குக் கொடுத்துவிடும், பிஸ்டன் வளையங்களின் ஓரமாகக் கசிந்தும் போய்விடும். எண்ணெய் பற்றாது, புகைபோக்கியில் வெண்புகைதான் வரும்.

பந்தயத்துக்குத் திருத்திய எந்திரத்தில் இத்தொல்லை இரட்டிப்பாகிறது. டர்போ மிகுந்த அழுத்தத்தில் காற்றைத் திணிப்பதால், உள்ளழுத்தம் எல்லை மீறாதிருக்க எந்திரத்தின் இயல்பான அழுத்த விகிதத்தைச் சற்றுக் குறைப்பதுண்டு. ஓடும்போது அது நன்மை. குளிர்ந்த காலையில் எழுப்பும்போது தொல்லை. எந்த அளவுக்கு அது வேகத்துக்கென இழைக்கப்படுகிறதோ, அந்த அளவுக்கு விழித்தெழ மறுக்கிறது.

மகனின் வாதம் இதிலிருந்தே தொடங்கியது. மோட்டாரின் வேகம் வோல்ட்டைப் பொறுத்தது; நான்கு வோல்ட் கூட்டினால் எந்திரம் துள்ளி எழும் என்றான் அவன். தந்தையின் வாதம் சுருக்கமானது. அந்த வண்டி 12 வோல்ட்டுக்கென வடிவமைக்கப்பட்டது, அத்துடன் விளையாடக் கூடாது என்பதே அது. இருவருடைய பேச்சிலும் சற்று மிகையான சூடு இருந்ததற்குக் காரணம் பின்னரே எங்களுக்குத் தெரியவந்தது. எங்கள் மாநிலத்தில் எழுந்துள்ள மின்கார் பேட்டரி ஆலை ஒன்றில் மகனுக்கு வேலை கிடைத்திருந்தது. கோடை முடிந்ததும் அவன் போகிறான். டீசல் புகையிலேயே வாழ்நாளைக் கழித்த தந்தைக்கு, மகன் எதிரணிக்குப் போவதாகவே பட்டிருக்க வேண்டும். அவர் அதைச் சொல்லவில்லை. வோல்ட்டைப் பற்றி மட்டுமே பேசினார்.

எங்களுள் ஒருவர் கிளாம்ப் மீட்டரும் மல்ட்டிமீட்டரும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனார். மற்ற மூவரும் வேடிக்கை பார்க்கப் போனோம். பின் சக்கரங்களுக்குப் பளு சேர்க்கவென்று, முன்னே எந்திரத்தருகே இருக்க வேண்டிய இரண்டு பேட்டரிகளையும் வண்டியின் பின்தட்டுக்கு மாற்றியிருந்தார்கள். எந்திரத்தைச் சுழற்றியபோது ஏறத்தாழ 800 ஆம்பியர் பாய்ந்தது. பேட்டரி முனைகளில் அப்போது 11 வோல்ட் இருந்தது; செல்ஃப் மோட்டாரை எட்டியதோ 7 மட்டுமே. இடையில் நான்கு வோல்ட் எங்கோ காணாமற்போயிருந்தது. நேர்முனைக் கம்பியில் அதில் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. எஞ்சிய மூன்றும் எர்த் பக்கத்தில். பேட்டரியின் எதிர்முனையைப் பின்தட்டின் அடிச்சட்டத்தில் முறுக்கியிருந்தார்கள். சட்டத்துக்கு அண்மையில்தான் அழகாகக் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. முன்னே எந்திரமோ ரப்பர்த் தாங்கிகளின் மேல் அமர்ந்திருந்தது. சட்டத்துக்கும் அதற்கும் இடையே ஒரு மெல்லிய பின்னற்பட்டை மட்டுமே. மின்சாரம் போகும்போது ராஜபாட்டையில் போய், திரும்பும்போது ஒற்றையடிப் பாதையில் திண்டாடியது.

கணக்கு எளியது. 800 ஆம்பியர் பாயும் வழியில் ஐந்து மில்லி ஓம் தடை இருந்தால் நான்கு வோல்ட் இழப்பாகும். ஐந்து மில்லி ஓம் என்பது ஓர் ஓமின் இருநூற்றில் ஒரு பங்கு. ஒன்றிரண்டு இணைப்புகளில் வண்ணப் பூச்சும் அழுக்கும் சேர்ந்தால் அவ்வளவு வந்துவிடுகிறது. இரண்டு செல்லைக் கூட்டி அந்த இளைஞன் பெற நினைத்ததும், இணைப்பு விழுங்கிக்கொண்டிருந்ததும் ஒரே நான்கு வோல்ட்தான். வண்ணத்தைச் சுரண்டி, பேட்டரியிலிருந்து எந்திரத்தின் உடலுக்கே நேராக ஒரு தடித்த எர்த் கேபிள் இழுத்ததும் மொத்த இழப்பு ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறங்கியது. எந்திரம் இரண்டு சுற்றிலேயே பற்றிக்கொண்டது.

16 வோல்ட் பேட்டரியை வைத்திருந்தால் அப்போதும் அது பற்றியிருக்கும். எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அதுவே. தடை அப்படியே இருக்க, அழுத்தம் அதை மீறிப் பாய்ந்திருக்கும். கூடும் மின்னோட்டத்தால் அந்த இணைப்பு மேலும் சூடேறியிருக்கும். கோளாறு மறைந்துபோய், தீர்ந்துவிட்டதைப் போலத் தோன்றியிருக்கும். மற்ற உறுப்புகளின் பாடு வேறு. சூடேற்றும் கம்பிச்சுருளில் வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்துக்கேற்ப உயரும். 12-க்குப் பதில் 16 கொடுத்தால் வெப்பம் ஏறத்தாழ முக்கால் பங்கு கூடுகிறது. குளோ பிளக் உள்ள எந்திரங்களில் அவை கருகுவது இதனால்தான். எட்டு செல் பேட்டரியை முழுதாக மின்னேற்ற 19 வோல்ட் வரை போக வேண்டும். 14 வோல்ட்டை மனத்தில் வைத்துச் செய்த எந்திரக் கணினிக்கு அது ஆகாது. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் உயர்த்தினால், சுமை மற்ற கண்ணிகளின் மேல் இறங்குகிறது.

எங்களில் ஆசிரியரானவர் அன்று மாலை கூட்டத்தில் சொன்னதை இங்கே குறிப்பிடலாம். உரைநடையிலும் இது உண்டு என்றார் அவர். உணர்ச்சி வாசகரை எட்டவில்லை என்று தோன்றும்போது எழுதுபவர் முதலில் செய்வது குரலை உயர்த்துவது. எந்த வாக்கியத்தின் இணைப்பில் அது கசிந்துபோனது என்று தேடுவது கடினமான, புகழ் தராத வேலை. மருந்தாளுநர் தம் பங்குக்கு, மருந்து உடலில் சேராத காரணத்தைக் காணாமலே அளவைக் கூட்டிக் கேட்பவர்களைப் பற்றிச் சொன்னார்.

ஆனால் கதையை இதோடு முடித்துவிட்டால் அந்த இளைஞனுக்கு நாங்கள் அநீதி செய்தவர்கள் ஆவோம். அவனுடைய இரண்டாவது வாதம் முதலாவதைவிட வலுவானது. எடையையும் இழுவையையும் மிச்சப்படுத்தவென்று அவர்கள் ஆல்ட்டர்னேட்டரைக் கழற்றியிருந்தார்கள். ஒரு நாளில் நான்கைந்து சுற்று ஓட வேண்டும். சுற்றுகளுக்கு இடையே குளிர்நீர்ப் பம்பும் விசிறிகளும் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் பேட்டரியின் சேமிப்பிலிருந்தே. மாலைக்குள் வோல்ட் சரிய, எரிபொருள் பம்பு தளரும். முக்கியமான கடைசிச் சுற்றில்தான் வண்டி மிகவும் பலவீனமாக நிற்கும். எட்டு செல் பேட்டரியோ பாதி இறங்கிய நிலையிலும் 12-க்கு வெகு மேலே இருக்கும். கணினிக்கு மட்டும் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சாதனம் ஒன்றை இடையில் வைத்தால், இது முறையான தீர்வுதான். பந்தயக் களங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

நாங்கள் இன்னொரு கணக்கையும் போட்டுக் கொடுத்தோம். 14 வோல்ட்டில் 100 ஆம்பியர் தரும் ஆல்ட்டர்னேட்டர் 1.4 கிலோவாட் கொடுக்கிறது. அதன் சொந்த இழப்பையும் சேர்த்தால் எந்திரத்திடமிருந்து அது வாங்குவது ஏறத்தாழ மூன்று குதிரைத்திறன். அவர்களுடைய எந்திரம் ஆயிரம் குதிரைத்திறன் வகையைச் சேர்ந்தது. ஆயிரத்தில் மூன்றை மிச்சப்படுத்தவா இந்தப் பாடு என்று தந்தை கேட்டார். கால் மைலில் நூறில் ஒரு விநாடியும் கணக்குத்தான் என்றான் மகன். இரண்டும் உண்மை. ஆல்ட்டர்னேட்டர் திரும்பவும் பொருத்தப்பட்டது. வண்டி 12 வோல்ட்டிலேயே நின்றது. தந்தையின் வண்டி என்பதால் தந்தையின் சொல் நிலைத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

உயர்ந்த வோல்ட்டை ஏற்கும் முறை எதுவென்று யோசிக்கையில் எங்களுக்குத் தோன்றியது இதுவே: உயர்த்தினால் முழுக்க உயர்த்த வேண்டும். 1950-களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12-க்கு மாறியபோது விளக்கு முதல் மோட்டார் வரை அனைத்தும் மாறின. கனரக டீசல் லாரிகள் பல நாடுகளில் 24 வோல்ட்டுக்கெனவே பிறக்கின்றன. ஐரோப்பாவில் பந்தயம் ஓடும் லாரிகள், வேகம் மணிக்கு 160 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தப்பட்டவை, அந்தக் குடும்பத்திலிருந்தே வந்தவை. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்கள் அனைத்தையும் 42 வோல்ட்டுக்கு மாற்றும் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. ஒவ்வொரு சுவிட்சையும் ஒவ்வொரு விளக்கையும் மாற்றும் செலவை ஏற்க எவரும் முன்வரவில்லை.

பந்தய உலகில் முழுக்க உயர்த்திப் பார்த்த டீசல் வண்டியும் உண்டு. 2006-இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஆடியின் ஆர்10 வென்றது. அந்தப் பந்தயத்தில் ஒரு டீசல் கார் வென்றது அதுவே முதல் முறை. அதன்பின் 2014 வரை ஒவ்வோர் ஆண்டும் அங்கே வென்றது ஏதோவொரு டீசல் கார்தான். 2009-இல் பியூஜோ, மற்ற ஆண்டுகளில் ஆடி. 2012-இல் வென்ற ஆர்18 பின் சக்கரங்களை டீசலாலும் முன் சக்கரங்களை மின்சாரத்தாலும் ஓட்டியது. பிரேக் பிடிக்கையில் கிடைக்கும் ஆற்றலை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் சுழலும் ஒரு சக்கரத்தில் அது சேமித்துவைத்தது. 2015-இல் 800 வோல்ட் மின்னமைப்பும் லித்தியம் பேட்டரியும் கொண்ட போர்ஷேயின் பெட்ரோல் கார் அதை வென்றது. 2016-இல் ஆடியும் சுழலும் சக்கரத்தை விட்டு லித்தியம் பேட்டரிக்கு மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில், அந்தப் பந்தயத் தொடரிலிருந்து விலகி மின்கார் பந்தயத்தில் கவனம் செலுத்தப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதன் தாய்க் குழுமத்தின் டீசல் புகை மோசடி அமெரிக்காவில் வெளிப்பட்டிருந்தது.

டீசலை எழுப்பிவிட மட்டுமே வந்த பேட்டரி, பிறகு அதற்குத் தோள் கொடுத்தது. கடைசியில் அதன் இடத்திலேயே அமர்ந்தது. இதில் வருந்த என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புகை குறைவது நல்லதே. ஆனால் ஓர் எந்திரம் போகும்போது அதைக் காதால் கேட்டே கோளாறு சொல்லும் மனிதர்களின் அறிவும் உடன் போய்விடுமோ என்ற கவலை எங்களுக்கு இருந்தது. எங்கள் அண்டை வீட்டுக்காரருக்கும் அது இருந்தது என்றே நம்புகிறோம்.

மகன் செப்டம்பரில் வேலைக்குப் போனான். பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு நாள் தந்தை வேலியோரம் நின்று, மின்காரின் பேட்டரி எத்தனை வோல்ட் என்று கேட்டார். பொதுவாக 96 செல்களைத் தொடராக இணைப்பதுண்டு, ஒவ்வொன்றும் 3.7 வோல்ட் என்று வைத்தாலும் 350-ஐத் தாண்டும் என்றோம். அவர் வோல்ட்டைப் பற்றி மேலே எதுவும் கேட்கவில்லை. அப்படியானால் எத்தனை இணைப்பு இருக்கும், அவற்றை யார் பார்ப்பார்கள் என்றுதான் கேட்டார். பிறகு அவரே பதிலும் சொன்னார். செல்களை இணைக்கும் பற்றவைப்பு ஒவ்வொன்றின் தடையையும் அளந்து, மிகுந்திருப்பதை ஒதுக்கும் பிரிவில்தான் மகனைப் போட்டிருக்கிறார்களாம். அங்கே மில்லி ஓமே பெரிய அளவாம். அதிலும் சிறிய பின்னங்களில் பார்க்கிறார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோடையில் கேட்ட சூடு இல்லை. எங்களைப் பார்த்து அவர் வாங்கிவைத்த மல்ட்டிமீட்டரையும் பையன் எடுத்துப்போய்விட்டானாம். வண்டியின் எர்த் கேபிளைக் குளிர்காலத்துக்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும், உங்களுடையதைச் சில நாள் இரவல் தர முடியுமா என்று கேட்டார்.